கழிவு போக

ஆள் வருமுன் ஓட்டிச் சூடேற்றி வைப்பார்கள் என்று
மெக்கானிக் குலோத்துங்கன் எச்சரித்திருந்தான்.
அதனால் கூத்தாநல்லூரில் இறங்கியதும்
வணக்கம் சொல்வதற்கு முன்பே
எஞ்சின் மேல் கை வைத்தேன்.
குளிர்ந்திருந்தது.
திங்கட்கிழமை காலை லாக்கர் கதவு மாதிரி.

"நாடி பாக்குறீங்களா?"
நெய்னா முகமது சிரித்தார்.

பதினேழு வருடமாகக் கூட்டுறவு சங்கத்தில்
நகை மதிப்பீட்டாளர் நான்.
கழுத்திலிருந்து இறங்கி வந்ததைக் கல்லில் உரசி
மொத்த எடை,
கல்லுக்குக் கழிவு, அரக்குக்குக் கழிவு, அழுக்குக்குக் கழிவு,
நிகரம்
என்று எழுதிக் கையெழுத்துப் போடும் கை.
பழசு எனக்கொரு குறையில்லை.
புதுசை எவரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை.

எதற்கு உனக்கு இந்த நீட்டு வண்டி என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் சொல்லியாயிற்று.
நிஜமான பதில் சின்னது.
நான் நாலடி பத்து அங்குலம்.
மற்ற பைக்குகளில் என் கால் அந்தரத்தில் தொங்கும்.
இதில் வரப்பில் உட்காருவதுபோல் உட்காரலாம்.
ஸ்கூட்டி வாங்கேன் என்கிறார் அண்ணன்.
ஸ்கூட்டி இருக்கிறது.
அதில் நான் வேலைக்குப் போகிறேன்.

முப்பத்தோராயிரத்து நானூறு கிலோமீட்டர்.
"மீட்டரத் தொட்டதில்ல, அல்லா மேல சத்தியம்."
சத்தியத்தை எடை போடும் தராசு என்னிடமில்லை.
கால் வைக்கும் ரப்பரைப் பார்த்தேன்,
தேய்மானம் கணக்கோடு ஒத்துப்போனது.

குலோத்துங்கன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து
மூலையில் விரலை விட்டு
என் முன் நீட்டினான்.
நகக்கண்ணில் கறுப்பாய், சலித்த மாவுபோல் மெல்லிசாய்
வண்டல்.

"தண்ணி ஏறின வண்டிக்கா."

நெய்னா மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை,
ரெண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு,
"புயல் வருஷம். டேங்க் மட்டும் வெளிய தெரிஞ்சுது. மூணு நாள்.
நாலு தடவ ஆயில் மாத்தினேன்.
அன்னைக்கு எந்த வீட்டுல எது நனையல, சொல்லுங்க."

சொல்லத் தோன்றியது:
இந்த ஜில்லாவே தண்ணீர் ஏறின சரக்குதான்.
குடகில் கழன்று
எத்தனையோ ஊர் உழுது பார்த்துக் கைவிட்டு
மூன்றாம் கை, நாலாம் கை மாறி
இங்கே வந்து படிந்ததற்குத்தான்
தஞ்சாவூர் மண் என்று மாவுக்கு இவ்வளவென விலை சொல்கிறோம்.
சொல்லவில்லை.
பேரம் நடக்கையில் பொருளைப் புகழக் கூடாது.

"வண்டலுக்குக் கழிவு ஐயாயிரம்" என்றேன்.

அவர் நாற்பத்தெட்டு. நான் முப்பத்தெட்டு.
டீ வந்தது. ஆறியது.
முதுகில் டிஸ்க் விலகிவிட்டதாம்,
ரெண்டு சக்கரமே ஆகாது என்றாராம் மன்னார்குடி டாக்டர்.
நாற்பத்திரண்டு ஐந்நூறு.

என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்களில்
தராசைப் பார்க்கிறவர்கள் மீட்க வந்துவிடுவார்கள்.
மின்விசிறியைப் பார்க்கிறவர்கள் வரமாட்டார்கள்.
சாவியை நீட்டும்போது நெய்னா
கரண்ட் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அங்கே காக்கைகூட இல்லை.

பணத்தை எண்ணி மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான்
குறைகளைச் சொல்லத் தொடங்கினார், ஒவ்வொன்றாக,
யாரும் கேட்காமலே.
மழை பட்டால் இடது இண்டிகேட்டர் எரியாது.
ரிசர்வை நம்பாதீங்க.
சைடு ஸ்டாண்ட் போட்டா சுவர்ப் பக்கமாப் போடுங்க.
மூணாவது கியர் முரண்டும்,
அதட்டாதீங்க,
கிளட்ச்ச விட்டு மறுபடி புடிங்க, வந்துரும்.
ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தபின்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.
இதற்கெல்லாம் என் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

திரும்பும் வழியெங்கும் பாதி ரோட்டில் குறுவை நெல்.
காயப்போட்டவர்கள் நட்டுவைத்த கல்லுக்கும்
எதிரே வரும் பஸ்ஸுக்கும் நடுவே
வண்டி தடதடவென்று, சாய்ந்தாற்போல், சொகுசாகப் போனது.
குலோத்துங்கன் பின்னால் என் ஸ்கூட்டியில்.

கோரையாற்றுப் பாலத்து ஏற்றத்தில்
மூன்றாவது கியர் முரண்டியது.
அதட்டினேன்.
நின்றுவிட்டது.

இரண்டு பாதமும் தரையில் பட்டன,
குதிகாலோடு, முழுசாக.
கீழே கலங்கலாய்த் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
பின்னால் நெல் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

அடிக்கட்டும்.